சோழமண்டல் ஓவியர் கிராமம், இஞ்சம்பாக்கம்: ஒரு பெயின்ட் க்யூசிக்காரன் எழுதுற ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு ஓவியம் பத்தி ஒண்ணும் தெரியாது, ஸ்கூல்ல வரைஞ்ச மாம்பழமும் ரெண்டு மலைக்கு நடுவுல உதிக்கிற சூரியனும்தான் நம்ம ரேஞ்சு. ஆனா பெயின்ட் பத்தி தெரியும். 16 வருஷமா அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு பவுடர் கோட்டிங் ஷாப்புல (இரும்பு சாமான் மேல பெயின்ட் பவுடரை அடிச்சு ஓவன்ல வேக வெக்கற இடம்) ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் பாக்கறேன், அதாவது க்யூசி, தரம் பாக்கற வேலை. ஆர்ட் தெரிஞ்சவங்க இதைப் படிச்சா சிரிப்பு வரலாம், பரவால்ல சிரிச்சுட்டு போங்க, நான் எழுதறது என்னை மாதிரி 'அப்ஸ்ட்ராக்ட் பெயின்டிங்கா, இதை எங்க வீட்டு வாண்டே வரையும்'னு சொல்லிட்டு திரியிற ஆளுங்களுக்கு (அப்ஸ்ட்ராக்ட்னா ஆளு, மரம்னு உருவம் இல்லாம கலரும் கோடுமா வரையறது).

என் வேலை என்னன்னு சொன்னாதான் மத்தது புரியும். ஓவன்ல 180, 200 டிகிரியில வெந்து கன்வேயர்ல தொங்கிட்டே வர்ற பீஸை ஆறினதும் எடுத்து, கை தூரத்துல பிடிச்சு, மேல இருக்கற டியூப் லைட்டு அதுல விழற மாதிரி சாய்ச்சு சாய்ச்சு பாக்கணும். பின்ஹோல், அதாவது ஊசி முனை ஓட்டை இருக்கா, தூசி உக்காந்திருக்கா, மூலையில பவுடர் ஏறாம விட்டுருக்கா, எங்கயாவது பெயின்ட் வழிஞ்சு ஓடியிருக்கா, ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி சொரசொரன்னு இருக்கா (அதுக்கு பேரே ஆரஞ்சு பீல்தான்). அப்புறம் மீட்டரை வெச்சு கனம் பாக்கணும், 60ல இருந்து 80 மைக்ரானுக்குள்ள இருக்கணும், கிட்டத்தட்ட ஒரு தலைமுடி கனம். பாத்துட்டு மூணுல ஒரு வார்த்தை சொல்லணும், ஓகே, ரீவொர்க், ரிஜெக்ட். ஒரு பீஸுக்கு ஏழெட்டு செகண்ட் கிடைக்கும், அதுக்கு மேல நின்னா சூப்பர்வைசர் கத்துவார்.

இந்த வேலையில ஒரு வியாதி இருக்கு, கண்ணை ஆஃப் பண்ண முடியாது. கல்யாண வீட்ல சீர் பீரோவைப் பாத்தா கதவு கலரும் பாடி கலரும் வேற வேற லாட்டுன்னு தெரியும், லிஃப்ட்ல ஏறினா டோர்ல தூசி எண்ணுவேன். ஒரு தடவை மாமியார் வீட்ல புது கேட் போட்டிருந்தாங்க, எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்றப்ப நான் மட்டும் 'கீழ் ஓரத்துல நல்லா ஓடிருக்கே, பெயின்டரை விட்டுட்டீங்களே'ன்னு சொல்லிட்டேன், அதுக்கப்புறம் அந்த வீட்ல எனக்கு ரெண்டாவது தடவை ரசம் கேட்டு யாரும் ஊத்தல. பாக்கறேன்னு பேரு, ஆனா பாக்கறது பூரா குறைதான், குறை இல்லைன்னா அந்தப் பொருளே என் கண்ணுக்குத் தெரியாது. இதை நானா கண்டுபிடிச்சு சொல்லல, என் மச்சான் சொன்னது.

மச்சான் ஒரு ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டர். போன லீவுல வீட்டுக்கு வந்தவன் 'மாமா நாளைக்கு ஃப்ரீயா, சோழமண்டல் போலாமா'ன்னான். நான் ஏதோ ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போறான் போல, கார் லோன் விஷயமோன்னு நெனச்சு 'ஏன் மாப்ள ட்யூ கட்டலயா'ன்னு கேட்டேன். சிரிச்சு முடிக்க அவனுக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு.

இடம் ஈசிஆர்ல இஞ்சம்பாக்கம். திருவான்மியூர்ல இருந்து மகாபலிபுரம் பக்கம் போற ரோடு, விஜிபி பொழுதுபோக்கு பூங்கா இருக்கற அதே ஏரியா. சின்ன வயசுல விஜிபிக்கு எத்தனை தடவை போயிருப்போம், அந்த சிலை மனிதன் முன்னாடி நின்னு கண்ணு சிமிட்டறாரா சிரிக்கறாரான்னு கண் வலிக்க பாத்திருப்போம், அதே ரோட்ல இப்படி ஒரு ஊரே ஓவியர்களுக்குன்னு இருக்குன்னு யாரும் சொன்னதில்ல. பஸ்ல போனா இறங்கி கொஞ்சம் நடக்கணும். நாங்க போறப்ப பஸ், வர்றப்ப ஆட்டோ, அந்த ஆட்டோக்காரர் கேட்ட ரேட்டைப் பத்தி எழுதினா அது தனி ரிவ்யூவா போயிடும்.

மச்சான் பஸ்லயே கதையை ஆரம்பிச்சுட்டான். 1966ல கே.சி.எஸ். பணிக்கர் ஆரம்பிச்ச இடம். அவர் அப்போ மெட்ராஸ் ஓவியக் கல்லூரி பிரின்சிபால், பெரியமேட்டுல இருக்கே 1850ல ஆரம்பிச்ச அந்தக் கல்லூரிதான். அவருக்கு முன்னாடி அங்க பிரின்சிபாலா இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செஞ்சதுதான் மெரினா உழைப்பாளர் சிலைன்னு அவன் சொன்னப்பதான் எனக்கு கொஞ்சம் பிடிமானம் வந்துச்சு, அது தெரியாத மெட்ராஸ்காரன் யாரு. படிச்சு முடிச்ச பசங்க ஓவியத்தை வித்து பொழைக்க முடியாது, வேற வேலைக்குப் போனா வரையறது நின்னுடும். சரி, பாத்திக் (மெழுகு வெச்சு சாயம் போடற துணி), தோல் சாமான், உலோக வேலைன்னு கைவினைப் பொருள் செஞ்சு விப்போம், அந்தக் காசுல சாப்பிடுவோம், மீதி நேரத்துல மனசுக்குப் பிடிச்சதை வரைவோம்னு ஆசிரியரும் மாணவருமா சேந்து சங்கம் வெச்சு, அந்தக் காசுலயே அப்போ யாரும் சீண்டாத அந்த மணல்காட்டை வாங்கி, வீடு கட்டி குடியேறிட்டாங்க. கவர்மென்ட் குடுத்த இடம் இல்ல, ஜமீன்தார் தானமும் இல்ல. எனக்கு இந்தப் பகுதிதான் ரொம்பப் பிடிச்சுது, கை வேலை செஞ்சு கடலோரம் நிலம் வாங்கியிருக்காங்க, நான் 16 வருஷத்துல திருநின்றவூர் தாண்டி ஒரு அரை கிரவுண்டுக்கே முட்டிட்டு இருக்கேன்.

உள்ள போனதும் ரோடு சத்தம் குறைஞ்சுடுது. மரம், மணல், மரத்தடியில கருங்கல் சிற்பம். மெட்ராஸ் மூவ்மென்ட் மியூசியம்னு ஒரு கட்டடம், 2009ல திறந்தது, அதுக்குத்தான் டிக்கெட், பெரிய தொகை இல்ல. டிக்கெட் எடுத்துட்டு உள்ள நுழைஞ்சேன், நுழைஞ்சவன் நான் இல்ல, அம்பத்தூர் க்யூசி.

முதல் அரை மணி நேரம் நான் செஞ்சது சுத்தமா இன்ஸ்பெக்ஷன்தான். இதுல கேன்வாஸ் ஓரம் விட்டுப்போயிருக்கு, இதுல பிரஷ் முடி ஒட்டிருக்கு, இது ஓடிருக்கு, இதுல ஃபினிஷிங்கே இல்ல. ஒரு படத்துக்கு ஏழெட்டு செகண்ட், அடுத்தது. இதுல நான் மட்டும் இல்லன்னு அப்புறம் தேடிப் பாத்தப்ப தெரிஞ்சுது, நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துல ஜனங்க ஒரு ஓவியத்தைப் பாக்க எவ்ளோ நேரம் எடுத்துக்கறாங்கன்னு வாட்சோட நின்னு கணக்கெடுத்து 2001ல எழுதியிருக்காங்க, சராசரி 27 செகண்டாம், அதுலயும் பாதிப் பேர் 17 செகண்ட் கூட நிக்கலயாம். பக்கத்துல ஒட்டியிருக்கற சீட்டைப் படிக்கற நேரமும் சேத்துத்தான். உலகத்துலயே பேர்போன படங்களுக்கே இதான் மரியாதை.

உலோக சிற்பங்கள் கிட்ட மட்டும் நின்னேன், அது நம்ம ஏரியா. பி.வி. ஜானகிராம், எஸ். நந்தகோபால், இவங்க ரெண்டு பேர் வேலையும் செம்புத் தகடு பித்தளைத் தகடை தட்டி, வளைச்சு, பத்த வெச்சு செஞ்சது. நந்தகோபால் பணிக்கரோட மகன். கோயில் கவசம் இருக்கில்ல, அது மாதிரி முன்பக்கம் பாக்கறதுக்குன்னே செஞ்ச சிற்பம். பத்த வெச்ச தடத்தை தேச்சு மறைக்கல, அப்படியே விட்டிருக்காங்க, அந்த மணிமணியான தடமே நகை வேலை மாதிரி ஓடுது. எங்க ஷாப்புல வெல்டிங் பீட் தெரிஞ்சா கிரைண்டிங்குக்கு திருப்பி அனுப்புவோம். இங்க அதை ஒருத்தர் கொண்டாடி வெச்சிருக்கார். அங்கதான் லேசா எனக்கு ஒரு சந்தேகம் தட்டுச்சு, நம்ம லிஸ்ட்ல குறைன்னு போட்டதெல்லாம் யார் சொல்லி குறை ஆச்சுன்னு.

அடுத்து பணிக்கர். 1963 வாக்குல 'சொற்களும் குறியீடுகளும்'னு ஒரு வரிசை ஆரம்பிச்சார், சாகற வரைக்கும், அதாவது 1977 வரைக்கும், அதையே வரைஞ்சிருக்கார். தூரத்துல பாத்தா ஜாதகக் கட்டம் போட்ட பழைய ஓலை மாதிரி இருக்கு. கட்டம், கோடு, நம்பர் மாதிரி ஏதோ, பொடிப்பொடியா வரி வரியா எழுத்து. கிட்ட போய் படிக்கப் பாத்தேன். மலையாளம் மாதிரி இருக்கு, மலையாளம் இல்ல. எங்க ஷாப்புல பாலக்காட்டு ஆள் ஒருத்தர் இருக்கார், அவருக்கு போட்டோ காட்டலாமான்னு யோசிச்சேன், மச்சான் சொன்னான் 'அவராலயும் முடியாது மாமா, யாராலயும் படிக்க முடியாத மாதிரிதான் எழுதிருக்கார்'.

எனக்கு அது என்ன ஞாபகப்படுத்துச்சுன்னா எங்க இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட். கட்டம், டிக், மைக்ரான் நம்பர், கிறுக்கல் சைன், ஓரத்துல எண்ணெய்க் கறை. நான் தினமும் நாப்பது ஷீட் எழுதறேன், ஒரு நாளாச்சும் அதை ஒரு பக்கமா, ஒரு படமா பாத்திருக்கேனான்னா இல்ல, படிக்கத்தான் செஞ்சேன். படிக்கறதுக்கு வழியை அடைச்சுட்டா கண்ணுக்கு வேற வேலை இல்ல, பாத்துத்தான் ஆகணும். பணிக்கர் அதைத்தான் பண்ணிருக்கார்னு நெனைக்கறேன், தப்பா இருந்தா ஓவியம் படிச்சவங்க மன்னிக்கணும். இவர் படங்களுக்குன்னே திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்துல தனி கேலரி இருக்கு, அந்தப் பக்கம் போறவங்க பத்மநாபசுவாமி கோயிலோட சேத்து பாத்துட்டு வரலாம்.

சரி, மெயின் விஷயத்துக்கு வரேன். ஒரு படம், நாலடி இருக்கும், பூரா கிரே. யார் வரைஞ்சதுன்னு வேணும்னே சொல்லல, பேரைச் சொன்னா நீங்க பேரைத் தேடுவீங்க, படத்தை விட்டுடுவீங்க. நான் பாத்த உடனே 'இது 7035 மாப்ள'ன்னேன். ரால்னு பெயின்ட்டுக்கு ஒரு கலர் நம்பர் வரிசை இருக்கு, அதுல 7035னா லைட் கிரே, ஊர்ல இருக்கற எலக்ட்ரிகல் பேனல் பாதிக்கு மேல அந்தக் கலர்தான், என் வாழ்க்கையில பாதி அந்தக் கலர்லதான் போச்சு. சொல்லிட்டு நகர்ந்தேன், மச்சான் சட்டையைப் பிடிச்சு இழுத்து நிறுத்தினான்.

'மாமா, ஒரு பத்து நிமிஷம். ஓகே சொல்லக்கூடாது, ரிஜெக்ட் சொல்லக்கூடாது. முடிஞ்சதும் நானே டீ வாங்கித் தரேன்.'

'பத்து நிமிஷம் இதுல என்னடா பாக்கறது?'

'அது உங்க பாடு.'

அவன் போய் வெளிய மரத்தடியில உக்காந்துட்டான். நான் போனைப் பாத்தேன், படத்தைப் பாத்தேன், மறுபடி போனைப் பாத்தேன், ஒன்றரை நிமிஷம்தான் ஆயிருந்துச்சு. முதல் ரெண்டு நிமிஷம் போரடிச்சுது, பொய் சொல்ல மாட்டேன். கால் மாத்தி கால் நின்னேன். அப்புறம் பழக்க தோஷத்துல கை தூரத்துக்கு கிட்ட போயிட்டேன். (ராத்கோன்னு ஒரு அமெரிக்க ஓவியர், கலரை மட்டும் பெரிய பெரிய பட்டையா வரைஞ்சவர், அவர் படத்தை 18 இஞ்ச் தூரத்துல நின்னு பாக்கச் சொன்னதா எழுதியிருக்காங்க. 18 இஞ்ச்னா எங்க இன்ஸ்பெக்ஷன் தூரம். படிச்சப்ப அந்த மனுஷன் மேல ஒரு பாசம் வந்துச்சு.)

கிட்ட போனா அது ஒரு கிரே இல்ல. நீலம் கலந்த கிரே ஒண்ணு, அதுக்குப் பக்கத்துல லேசா காவி ஏறின கிரே ஒண்ணு, ரெண்டும் சேர்ற இடத்துல கத்தியால வழிச்சிருக்கு, வழிச்ச கோட்டுக்குள்ள அடியில இருந்து ஒரு மஞ்சள் எட்டிப் பாக்குது, முடி கனம்தான், 70 மைக்ரான் இருக்கும். அந்த மஞ்சளை ஒரு தடவை பாத்துட்டா அதுக்கப்புறம் படம் பூரா மஞ்சள் தெரியுது, ஒவ்வொரு கிரேக்கு அடியிலயும் அது படுத்திருக்கு, அதனாலதான் தூரத்துல இருந்து பாக்கறப்ப அந்தக் கிரே செத்த கலரா இல்லாம வெயில் வரப்போற வானம் மாதிரி இருந்திருக்கு. கீழ இடது பக்கம் போனேன். அங்க ஒரு இடத்துல பெயின்ட் ஓடியிருக்கு. ஓடினதை துடைக்கல. மேல இருந்து நூல் மாதிரி இறங்குது, ரெண்டு இஞ்ச் வந்ததும் லேசா இடது பக்கம் வளையுது, அங்க கேன்வாஸ் நூல்ல ஒரு முடிச்சு இருக்கு அதுல தட்டிருக்கு, அப்புறம் நேரா இறங்கி, கீழ வரைக்கும் போகாம நடுவுலயே நின்னுடுச்சு. நின்ன இடத்துல ஒரு சொட்டு, தடிப்பா, உருண்டையா, மேல தோல் சுருங்கி காஞ்சிருக்கு.

16 வருஷத்துல ஓடின பெயின்ட்டை எத்தனை ஆயிரம் பாத்திருப்பேன். ஓடிருக்கா இல்லையான்னுதான் பாத்திருக்கேன். எங்க போய் நின்னுச்சுன்னு ஒண்ணைக் கூட பாத்ததில்ல.

மச்சான் வந்து தோளைத் தொட்டப்ப பத்து நிமிஷம் இல்ல, இருபத்தஞ்சு நிமிஷம் ஆயிருந்துச்சு. டீ அவன்தான் வாங்கித் தந்தான்.

எல்லா படமும் இப்படி என்னைப் பிடிச்சு வெச்சுதுன்னு சொல்ல மாட்டேன். சிலது முன்னாடி அஞ்சு நிமிஷம் நின்னும் ஒண்ணும் நடக்கல, எனக்குத்தான் பத்தலையோ என்னமோ. அதே மாதிரி எல்லா அப்ஸ்ட்ராக்டும் நல்ல அப்ஸ்ட்ராக்ட்னும் இப்போ ஒத்துக்க மாட்டேன், ஹோட்டல் லாபியில சோஃபா கலருக்கு மேட்ச்சா மாட்டி வெக்கறாங்களே, அதுக்கு முன்னாடி எவ்ளோ நேரம் நின்னாலும் சோஃபாதான் தெரியும். சோழமண்டல் போய் வந்த ஜோர்ல சிட்டிக்குள்ள ஒரு தனியார் கேலரிக்கும் போனேன், பேர் வேணாம், அங்க என் ஷர்ட்ல கம்பெனி லோகோவைப் பாத்துட்டு வாசல்ல இருந்த ஆள் 'ஏசி சர்வீஸா, பின்பக்கமா வாங்க'ன்னார். பின்பக்கமாவே போய் எல்லாத்தையும் பாத்துட்டு வந்தேன், சும்மாதான்.

இப்போ ரிவ்யூவோட முக்கியமான கேள்வி, காசுக்கும் அலைச்சலுக்கும் வொர்த்தா? எனக்கு பலன் மியூசியத்துக்குள்ள இல்ல, வெளியதான் கிடைச்சுது. வெளிய வந்து ரோட்ல ஆட்டோவுக்கு நிக்கறோம், எதிர்ல ஒரு வீட்டு இரும்பு கேட். கடல்காத்து உப்பு அரிச்சு பெயின்ட் உரிஞ்சிருக்கு. சாதாரணமா என் வாயில வர வேண்டியது 'பிரைமர் அடிக்காம அடிச்சிருக்கான்'. அன்னைக்கு வரல. மேல பச்சை, அது உரிஞ்ச இடத்துல நீலம், நீலத்துக்குள்ள அலுமினியம் பெயின்ட், அதுக்குள்ள ரெட் ஆக்சைடு, அதுவும் போன இடத்துல துரு, துருவுல ரெண்டு நிறம், நடுவுல கருப்பு ஓரத்துல ஆரஞ்சு. நாலு தீபாவளி பெயின்ட் ஒரு கேட்ல இருக்கு. கைப்பிடி கிட்ட மட்டும் எல்லாம் தேஞ்சு இரும்பு பளபளன்னு இருக்கு, அந்த வீட்டு ஆளுங்க தினமும் எந்த உயரத்துல கை வெச்சு தள்றாங்கன்னு தெரியுது, அதுக்குக் கீழ இன்னொரு சின்ன பளபளப்பு, குழந்தை உயரத்துல. வீட்டுக்காரம்மா ஜன்னல்ல இருந்து யாரோ நோட்டம் விடறான்னு நெனச்சு வெளிய வந்துட்டாங்க. மச்சான்தான் 'ஒண்ணும் இல்லம்மா, சார் பெயின்ட் கம்பெனி'ன்னு சமாளிச்சான்.

அன்னையில இருந்து இது தொத்திக்கிச்சு. காலையில டபரா ஓரத்துல காபி வழிஞ்சு நின்ன கோடு, கீழ வரைக்கும் போனது எது, பாதியில நின்னது எதுன்னு பாத்துட்டு உக்காந்திருக்கேன், வீட்ல 'காபி ஆறுது, என்ன ஜோசியமா பாக்கறீங்க'ன்னு கேக்கறாங்க. எங்க அபார்ட்மென்ட் சன்ஷேடுக்குக் கீழ மழைத் தண்ணி இறங்கி கருப்புக் கருப்பா பாசித் தடம் இருக்கும், எட்டு வருஷமா இருக்கு, அசிங்கம்னு மட்டும்தான் தெரியும். ஒரு ஞாயித்துக்கிழமை நிதானமா பாக்கறேன், எல்லாத் தடமும் ஒரே நீளம், மூணாவது மாடியில ஒண்ணு மட்டும் ரெண்டு மடங்கு நீளம், ஓரம் பச்சையா ஈரமா இருக்கு. மழை பேஞ்சே ஒரு மாசம் ஆச்சு, ஈரம் எங்க இருந்து? மேல போய் பாத்தா ஒருத்தர் வீட்டு பாத்ரூம் பைப் சுவத்துக்குள்ள கசிஞ்சிருக்கு. அசோசியேஷன்ல எனக்கு இப்போ ஒரு தனி மரியாதை.

ஷாப்புலயும் ஒண்ணு நடந்துச்சு. ஒரு பேனல் கதவு, தொடர்ந்து கீழ் ஓரம் ஓடி ஓடி வந்துட்டிருந்துச்சு, பவுடர் அடிக்கற கன்னைப் பிடிக்கற ஆபரேட்டர் அதிகமா அடிக்கறான்னு அவனைத் திட்டிட்டே இருந்தோம். ரிஜெக்ட் பண்ணின பீஸ் பன்னெண்டை செவுத்துல சாய்ச்சு வெச்சு சும்மா பாத்தேன், எல்லாத்துலயும் அந்த வழிசல் ஒரே மூலையைப் பாத்து சாஞ்சிருக்கு. கொக்கி மாட்டற ஓட்டையால பீஸ் கொஞ்சம் கோணலா தொங்கிருக்கு, கன்னுக்கு அந்த மூலை கிட்ட வந்துடுது, பவுடர் அங்க கூடுதலா ஏறிடுது. கொக்கியை மாத்தினதும் சரியாயிடுச்சு, அந்தப் பையன்கிட்ட சாரி கேட்டேன். இதுக்கு ஓவியம்தான் காரணம்னு கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா பன்னெண்டு ரிஜெக்ட் பீஸை வரிசையா வெச்சு உக்காந்து பாக்கற புத்தி எனக்கு முன்னாடி இருந்ததில்ல.

அக்கா பொண்ணு மெடிக்கல் படிக்குது, அதுகிட்ட இதைச் சொன்னப்ப, இதெல்லாம் வெளிநாட்டுல எப்பவோ பண்ணிட்டாங்க மாமான்னு சொல்லுச்சு. அமெரிக்காவுல யேல் மெடிக்கல் காலேஜ்ல முதல் வருஷ பசங்களை மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஓவியத்தைப் பாத்து வெவரமா சொல்லப் பழக்கியிருக்காங்க, அதுக்கப்புறம் நோயாளி போட்டோவைக் காட்டினா பழகாத பசங்களை விட இவங்க அதிகமா கவனிச்சு சொன்னாங்களாம், 2001ல ஜாமாங்கற டாக்டருங்க பத்திரிகையில வந்துச்சு. ஆனா ஒண்ணு, அவங்க காட்டினது ஆளு, வீடு, சம்பவம்னு கதை இருக்கற பழைய இங்கிலீஷ் ஓவியங்கள், அப்ஸ்ட்ராக்ட் இல்ல. என் அனுபவத்துல கதை இருக்கற படம்னா நான் கதையைப் புடிச்சுட்டு கிளம்பிடுவேன், இவர் ராஜா, இவர் மந்திரி, முடிஞ்சுது. அந்தக் கிரேல புடிச்சுட்டு ஓட ஒண்ணுமே இல்ல, அதான் நின்னேன்.

நம்ம ஊர்லயே ஆதிமூலம்னு ஒரு ஓவியர் இருந்தார், துறையூர் பக்கம் கீரம்பூர்க்காரர், சிறுபத்திரிகை படிச்சவங்களுக்கு அவர் கோடு தெரியாம இருக்காது, 1969ல காந்தியை வரிசையா கருப்பு வெள்ளையில வரைஞ்சார். கோட்டுல அவ்ளோ பேர் வாங்கினவர் பின்னாடி கோட்டையே விட்டுட்டு வெறும் கலரா எண்ணெய் வண்ணத்துல அப்ஸ்ட்ராக்ட் பண்ணினார். அவர் வேலை பாத்தது நெசவாளர் சேவை மையத்துல. தறியில ஓடற கலரை தினம் பாத்த கண்ணு. அச்சுதன் கூடலூர்னு இன்னொருத்தர், சிவில் இன்ஜினியரா வேலை பாத்துட்டே தானா வரையக் கத்துக்கிட்டவர், அவர் அப்ஸ்ட்ராக்ட்ல கலர் கொட்டும், 2022ல போயிட்டார். இன்ஜினியர்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரு தெம்பு.

போறவங்களுக்கு சில விஷயம். திறக்கற நேரம், லீவு நாள் பாத்துட்டு போங்க. வாரநாள்ல போங்க, ஞாயித்துக்கிழமை ஈசிஆர்ல போனா பாதி நாள் டிராஃபிக்ல போயிடும். பகல்ல போனா வெளிய இருக்கற கல் சிற்பங்களையும் பாக்கலாம், தொப்பி எடுத்துட்டுப் போங்க. வெளி வெளிச்சத்துல பாக்கறதுக்கும் உள்ள லைட்டுல பாக்கறதுக்கும் கலர் மாறும், இதை ரொம்ப காசு குடுத்து கத்துக்கிட்டவன் நான், ஒரு தடவை எங்க டியூப் லைட்டுல அச்சு அசலா மேட்ச் ஆன லாட் ஒண்ணு, கஸ்டமர் யார்டுல வெயில்ல வெச்சா பாதி பச்சையா பாதி நீலமா பல் இளிச்சுது, மொத்தமும் ரிட்டர்ன். பாத்திக் துணி கண்ணுல பட்டா கிட்ட போய் பாருங்க, நாங்க பவுடர் ஏறக்கூடாத இடத்துக்கு டேப் ஒட்டி மாஸ்கிங் பண்றோம்ல, அவங்க அதையே மெழுகுல பண்றாங்க, மெழுகு வெடிச்ச இடத்துல சாயம் நூல் நூலா உள்ள இறங்கியிருக்கும், ரெண்டு துணியில ஒரே மாதிரி வெடிக்காது. குழந்தைகளை தாராளமா கூட்டிட்டுப் போங்க, அதுங்க நம்மள மாதிரி 'இது என்ன'ன்னு முதல்ல கேக்காது. எல்லாத்தையும் பாக்கணும்னு நெனைக்காதீங்க, ரெண்டு படம் போதும், மூணாவது படத்துக்கு டீ குடிச்சுட்டு வாங்க.

ஸ்டார் எத்தனைன்னு மச்சான் கேட்டான். போன்ல ரிவ்யூ போட ஸ்டார் அமுத்தினாத்தான் அடுத்த பக்கம் போகுது. நாள் பூரா நான் அதைத்தானே பண்றேன்னு மூடி வெச்சுட்டு இங்க வந்து எழுதறேன்.

இன்னொண்ணு சொல்ல விட்டுட்டேன். எங்க ஷாப்புல பீஸ் மாட்டற கொக்கி, பீஸோட சேந்து அதுவும் ஒவ்வொரு தடவையும் கோட்டிங் வாங்கும், ஓவன்ல வேகும். பவுடர் கரன்ட்லதான் பீஸ்ல ஒட்டும், கொக்கியில ரொம்ப ஏறிட்டா எர்த் கிடைக்காது, பவுடர் ஒட்டாது, அப்போ மொத்தமா எரிச்சு சுத்தம் பண்ணுவோம். போன வாரம் எரிக்கப் போற குவியல்ல இருந்து ஒண்ணு எடுத்து, மேல தடிச்சிருந்த பெயின்ட்டை ஆக்ஸா பிளேடால குறுக்க அறுத்து எமரி ஷீட்ல தேச்சேன். வளையம் வளையமா, மரத்தை அறுத்த மாதிரி. கருப்பு, 7035, சிவப்பு, 7035, 7035, ஒரு நீலம், அது 2019ல வந்த ஜெனரேட்டர் கேனபி ஆர்டர், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அப்புறம் ரொம்ப மெல்லிசா ஒரு மஞ்சள். அமெரிக்காவுல டெட்ராய்ட் பக்கம் கார் ஃபேக்டரியில அந்தக் காலத்துல இப்படி ஸ்டாண்டுல சேந்த பெயின்ட் கட்டியை அறுத்து பாலிஷ் போட்டு மோதிரக் கல்லா விக்கறாங்களாம், ஃபோர்டைட்னு பேராம். நான் விக்கல. டிவி ஸ்டாண்டுல வெச்சிருக்கேன். மாமியார் வந்திருந்தப்ப அதைக் கையில எடுத்து திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'ஏன் மாப்ள, இது எங்கயும் ஓடலையா?'ன்னாங்க.